ஒரே ஒரு தழைக்குத்தான் இடம் என்றால்: கொத்தமல்லியா, புதினாவா, பார்ஸ்லியா?

ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதெல்லாம் காய்கறித் தட்டின் அடியில் ஒரு தழைக்கட்டு கையில் சிக்கும். நுனி கறுத்து, தண்டு குழைந்து, பையின் ஓரத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருக்கும். வாங்கும்போது ஆசையாகத்தான் வாங்குகிறோம். கால்வாசி கிள்ளிப் போட்டதும் மறந்துவிடுகிறோம். இரண்டு மூன்று வகைத் தழையைச் சேர்த்து வாங்கும் வீடுகளில் வீணாவது இன்னும் அதிகம். அதனால் தழை விஷயத்தில் யாராவது யோசனை கேட்டால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை முழுசாகச் சாப்பிடப் பழகுங்கள், அடுத்ததை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன்.

அந்த ஒன்று எது என்பதுதான் கேள்வி. கொத்தமல்லி, புதினா, பார்ஸ்லி மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றுமே பச்சையாக, கைப்பிடி கணக்கில் சாப்பிடக்கூடியவை. ரோஸ்மேரி, தைம் போன்றவற்றை யாரும் கைப்பிடியாக அள்ளிப் போடுவதில்லை. அவற்றின் சத்தைப் பற்றிப் பேசிப் பெரிய பலன் இல்லை. பேசிலையும் விட்டுவிட்டேன். அது குளிருக்கு ஆகாத செடி. ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரமே இலை கறுத்துவிடும்.

இலையைக் கையில் எடுத்தால்

கொத்தமல்லியும் பார்ஸ்லியும் ஒரே குடும்பம். கேரட், சீரகம், பெருஞ்சீரகம், செலரி எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். குடை விரித்த மாதிரி பூக்கொத்து இருக்கும். இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழப்பம் வருவது இயல்பு. கொத்தமல்லி இலையின் ஓரம் வட்டமாக, மெத்தென்று இருக்கும். தட்டை இலைப் பார்ஸ்லியின் ஓரம் கூராக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் போதும். சுருட்டை இலைப் பார்ஸ்லியில் இந்தக் குழப்பமே வராது.

புதினா வேறு குடும்பம். தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், நான்கு பக்கமும் தட்டுப்படும். சதுரத் தண்டு, எதிரெதிராக ஜோடி இலை. துளசி, பேசில், தைம், ஆரிகானோ எல்லாவற்றுக்கும் இதே அடையாளம்.

அடையாளம் தெரிந்திருப்பது கடையில் கட்டு வாங்க மட்டும் இல்லை. வெளியில் தானாக முளைத்துக் கிடக்கும் செடியைப் பார்ஸ்லி என்று நினைத்துப் பறித்துவிடக் கூடாது. சாக்ரடீஸ் கி.மு. 399இல் குடித்து இறந்த ஹெம்லாக் நஞ்சு இதே கேரட் குடும்பச் செடிதான். இலையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

100 கிராம் கணக்கும் கைப்பிடிக் கணக்கும்

சத்துப் பட்டியலைப் பார்த்துத் தழை வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுகளில் 100 கிராம் பச்சைக் கொத்தமல்லித் தழைக்கு 23 கலோரி. 92 கிராம் தண்ணீர். வைட்டமின் சி 27 மில்லிகிராம், வைட்டமின் ஏ 337 மைக்ரோகிராம், வைட்டமின் கே 310 மைக்ரோகிராம், கால்சியம் 67 மில்லிகிராம், இரும்பு 1.8 மில்லிகிராம், பொட்டாசியம் 521 மில்லிகிராம்.

பார்ஸ்லியை அதே 100 கிராமுக்குப் பார்த்தால் வைட்டமின் சி 133 மில்லிகிராம், அதாவது கொத்தமல்லியைப் போல ஐந்து மடங்கு. வைட்டமின் கே 1,640 மைக்ரோகிராம், அதுவும் ஐந்து மடங்கு. இரும்பு 6.2 மில்லிகிராம், கால்சியம் 138. காகிதத்தில் போட்டியே இல்லை, பார்ஸ்லிதான் ஜெயிக்கிறது.

புதினாவின் பலம் தாது உப்பிலும் நார்ச்சத்திலும் இருக்கிறது. சமையலில் அதிகம் புழங்கும் ஸ்பியர்மின்ட் வகையில் 100 கிராமுக்குக் கால்சியம் 199 மில்லிகிராம், இரும்பு கிட்டத்தட்ட 12 மில்லிகிராம், நார்ச்சத்து 6.8 கிராம். மிளகுப் புதினா எனப்படும் பெப்பர்மின்ட்டில் கால்சியம் இன்னும் கூடுதல், ஆனால் இரும்பு 5 மில்லிகிராம்தான். புதினாவின் இரண்டு வகைகளுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், இலையின் இரும்புக் கணக்கை எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது என்று அர்த்தம். மண், செடியின் வயது, இலையில் ஒட்டிய தூசியை எவ்வளவு கழுவினார்கள் என்பது எல்லாம் அந்த எண்ணை மாற்றும்.

சரி, இப்போது தராசை எடுப்போம். கொத்தமல்லியை மெல்லிய தண்டோடு பொடியாக நறுக்கி, ஒரு கை நிறைய அள்ளித் தராசில் வைத்தேன். 11 கிராம் காட்டியது. நாலு பேருக்கான சூப்பின் மேல் தூவ அதுவே தாராளம். அப்படியென்றால் ஒருவர் வாய்க்குள் போவது 3 கிராமுக்குள். அந்த 3 கிராமில் வைட்டமின் சி ஒரு மில்லிகிராம்கூட வராது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 75 முதல் 90 மில்லிகிராம். இரும்பு, கால்சியம் எல்லாம் பேச்சுக்கே எடுக்க வேண்டாம்.

மேலே தூவும் தழை வாசனைக்குத்தான். சத்து என்று பேச ஆரம்பிப்பது, அதே தழையை அரைத்தோ மற்ற கீரையோடு கலந்தோ, ஒருவர் 30, 40 கிராம் சாப்பிடும்போது. 40 கிராம் கொத்தமல்லியில் வைட்டமின் சி சுமார் 11 மில்லிகிராம், வைட்டமின் ஏ 135 மைக்ரோகிராம், வைட்டமின் கே 124 மைக்ரோகிராம். கே மட்டும் அந்த ஒரு வேளையிலேயே ஒரு நாளின் தேவையைத் தொட்டுவிடும். அமெரிக்கப் பரிந்துரை பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120 மைக்ரோகிராம்.

இதனால்தான் நான் பட்டியலை விட நாக்கை நம்புகிறேன். பார்ஸ்லி ஐந்து மடங்கு சத்துள்ளதுதான். ஆனால் அதன் லேசான கசப்பும் பச்சை வாடையும் பிடிக்காத ஒருவர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தால் அந்த ஐந்து மடங்கு தட்டிலேயே தங்கிவிடும். கொத்தமல்லியை அவரே அரைத்து ஒரு கிண்ணம் காலி பண்ணுவார். சாப்பிடும் அளவு பத்து மடங்கு வேறுபடும்போது, சத்தின் அடர்த்தி ஐந்து மடங்கு வேறுபட்டு என்ன பயன்?

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பார்ஸ்லியை விரும்பி, சாலட் போல நிறைய சாப்பிடுபவர்கள். அவர்கள் தாராளமாகப் பார்ஸ்லியையே வைத்துக்கொள்ளலாம். 30 கிராமிலேயே 40 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைத்துவிடும்.

இரும்பைப் பற்றி இன்னொன்று. தழைகளில் இருப்பது உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாத வகை இரும்பு. கூடவே வைட்டமின் சி இருந்தால் உறிஞ்சுவது கூடும். எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டும் இல்லை. ஆனால் புதினாவில் உள்ள பாலிஃபினால்கள் என்ற தாவரப் பொருள்கள் எதிர்ப்பக்கம் இழுக்கும். சாப்பாட்டோடு சேர்த்துப் பெப்பர்மின்ட் டீ குடித்தால், சாதாரண டீயைப் போலவே அதுவும் அந்த உணவிலுள்ள இரும்பு சேர்வதைக் குறைக்கும். ஆகவே, ரத்தசோகைக்குப் புதினா என்று அந்த 12 மில்லிகிராமை மட்டும் பார்த்து முடிவு செய்வது சரியில்லை. வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின்களுக்குக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். எண்ணெயே இல்லாத பச்சைச் சாற்றைக் குடிப்பதைவிட, ஒரு கரண்டி எண்ணெயோடு கலந்து சாப்பிடுவதில் பலன் கூடுதல்.

கொத்தமல்லி உடம்பிலுள்ள கன உலோகங்களை இழுத்து வெளியேற்றும் என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. மனிதர்களிடம் அது நிரூபிக்கப்படவில்லை. அதற்காக யாரும் கொத்தமல்லி வாங்க வேண்டாம். அதன் வாசனைக்காக வாங்கினால் போதும்.

சிலருக்கு மட்டும் சோப்பு

வாசனை என்றதும் ஒரு தடை வரும். கொத்தமல்லியைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். சோப்பு மாதிரி இருக்கிறது என்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பிடிவாதம் என்று நினைப்பதுண்டு, அது தவறு. இலையின் வாசனைக்குக் காரணம் ஆல்டிஹைடுகள் எனும் வேதிப்பொருள்கள். அதே வகைப் பொருள்கள் சோப்பிலும் உண்டு. அவற்றை உணரும் ஓஆர்6ஏ2 என்ற வாசனை ஏற்பி மரபணுவுக்கு அருகில் உள்ள ஒரு மாறுபாட்டுக்கும் இந்தச் சோப்பு உணர்வுக்கும் தொடர்பு இருப்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மரபணு மட்டுமே காரணம் இல்லை, பழக்கமும் சேர்ந்துதான். ஆனாலும் அவர் மூக்குக்கு உண்மையிலேயே சோப்பு வாடைதான் வருகிறது.

அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் கொத்தமல்லியைத் திணிக்காதீர்கள். ஒரு வழி மட்டும் செய்து பார்க்கலாம். இலையை நன்றாக இடித்தோ அரைத்தோ சிறிது நேரம் வைத்தால், இலையிலுள்ள நொதிகளே அந்த ஆல்டிஹைடுகளைச் சிதைக்கும், வாடை தணியும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அவருக்குப் பார்ஸ்லியோ புதினாவோதான். விதையைப் பற்றிக் கவலை வேண்டாம். தனியாவின் வாசனை லினலூல் என்ற வேறு பொருளிலிருந்து வருவது. இலை பிடிக்காதவர்களுக்கும் பெரும்பாலும் தனியா பிடிக்கும்.

அடுப்பிலும் மூன்றும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். கொத்தமல்லி இலையின் வாசனை கொதியில் பறந்துவிடும், அதனால் அடுப்பை அணைத்த பிறகுதான் இலை. ஆனால் தண்டு அப்படி இல்லை. பொடியாக நறுக்கி ஆரம்பத்திலேயே வதக்கினால் வாசனை உணவில் இறங்கி நிற்கும். தண்டைக் கிள்ளி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கட்டில் பாதி எடை அதுதான், ருசியிலும் பாதி அதில்தான் இருக்கிறது. பார்ஸ்லி கொஞ்சம் கொதி தாங்கும். புதினா இலையைச் சமைக்கலாம், பச்சையாகவும் போடலாம், வெந்நீரில் போட்டுக் குடிக்கலாம். அதன் முற்றிய தண்டு மட்டும் நார் மாதிரி இருக்கும், ஒன்றுக்கும் உதவாது.

தொட்டியில் வைப்பதாக இருந்தால்

வாங்காமல் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் முடிவே மாறிவிடும்.

எனக்குக் கொத்தமல்லி முதல் இரண்டு முறை வரவில்லை. நாற்று விட்டு, நான்கு இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். இரண்டே வாரத்தில் நடுத்தண்டு விர்ரென்று நீண்டு, இலை நூல் நூலாகப் பிரிந்து பூ வந்துவிட்டது. கொத்தமல்லிக்கு ஆணிவேர். அதை இடம் மாற்றினால் செடி மிரண்டு, சீக்கிரம் பூத்து விதை விடும் வேலையில் இறங்கிவிடும். வெயில் கூடினாலும், பகல் நீண்டாலும் இதே கதைதான்.

மூன்றாவது முறை விதையை நேரே தொட்டியில் போட்டேன். தனியாவை உருட்டிப் பாருங்கள், ஒரு முத்தில் இரண்டு விதை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு தட்டில் பரப்பி, கரண்டியின் முதுகால் லேசாக அழுத்தினால் 'டக்' என்று இரண்டாகப் பிரியும். பொடியாகும்படி அழுத்தக் கூடாது. ஓர் இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி மூடினேன். பத்தாம் நாள் மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் தாண்டியதும் வெட்ட ஆரம்பித்தேன். ஆனாலும் ஒரு விதைப்பு சில வாரங்களுக்குத்தான். தொடர்ந்து தழை வேண்டுமானால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்ஸ்லிக்கு ஆரம்பத்தில்தான் பொறுமை வேண்டும். முளைக்க மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். செத்துவிட்டது என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். வந்துவிட்டால் அது இரண்டு ஆண்டுச் செடி. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுதான் பூக்கும். வெளிப்பக்கத் தண்டுகளை அடியோடு வெட்டி, நடுக்குருத்தை விட்டுவைத்தால் மாதக்கணக்கில் கிடைக்கும்.

புதினாவுக்கு விதையே வேண்டாம். சமையலுக்கு வாங்கிய கட்டிலேயே உறுதியான நாலு தண்டைத் தேர்ந்தெடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் இறங்கும். அதை அப்படியே மண்ணில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். நிழல் கொஞ்சம் விழுந்தாலும் பரவாயில்லை, மண் காயாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொட்டுகள் தெரிந்தால் அது துரு நோய், அந்தத் தண்டுகளை உடனே வெட்டி அப்புறப்படுத்துங்கள். புதினாவை வேறு செடியோடு ஒரே தொட்டியில் மட்டும் வைக்காதீர்கள். மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டுப் பக்கத்துச் செடியின் இடத்தையெல்லாம் பிடித்துவிடும்.

வாங்கி வைப்பதாக இருந்தால்

கட்டைக் கழுவி, ஈரத்தோடு பையில் போட்டு முடிச்சுப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கொத்தமல்லியோ பார்ஸ்லியோ, கட்டைப் பிரித்து அழுகிய இலைகளை எடுத்துவிட்டு, தண்டின் அடியைக் கொஞ்சம் வெட்டி, ஒரு டம்ளரில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள். மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றினால் ஒரு வாரம் தாண்டியும் நிமிர்ந்து நிற்கும். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயுவால் தழை சீக்கிரம் மஞ்சளாகும். கழுவுவதை நறுக்குவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது ஒன்றுக்கு இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். பச்சையாகச் சாப்பிடும் பொருள், மண்ணோடு கிருமியும் வரும்.

உலர்த்தி வைப்பதில் புதினாவுக்கு நிகர் இல்லை. காய்ந்த பிறகும் வாசனை அப்படியே இருக்கும். காய்ந்த கொத்தமல்லி இலையில் நிறம் மட்டும்தான் மிஞ்சும், அதை வாங்குவது வீண் செலவு. பார்ஸ்லியும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த இரண்டையும் நறுக்கி, கொஞ்சம் எண்ணெயோ தண்ணீரோ சேர்த்து ஐஸ் தட்டில் உறையவைக்கலாம். எண்ணெயில் போட்ட பச்சைத் தழையை வெளியே மேடையில் வைக்கக் கூடாது. காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள், பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்பு உண்டு. உறையவையுங்கள், அல்லது ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

முடிவு செய்யும் முன் மருந்துப் பெட்டியையும் பாருங்கள்

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தேர்வு விளையாட்டு இல்லை. வைட்டமின் கே ரத்தம் உறைய உதவுவது. 1929இல் டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளில் ரத்தம் கசிவதை ஆராய்ந்தபோதுதான் அதன் தடம் கிடைத்தது. 'கே' என்ற எழுத்தே, உறைதலைக் குறிக்கும் 'Koagulation' என்ற ஜெர்மன், டேனிஷ் சொல்லின் முதலெழுத்து. வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கும் மருந்து. ஒரு மேசைக்கரண்டி நறுக்கிய பார்ஸ்லி, 4 கிராம்கூட இராது, அதிலேயே 60 மைக்ரோகிராமுக்கு மேல் கே இருக்கிறது. ஒரு வாரம் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டு, அடுத்த வாரம் தொடாமல் விட்டால் மருந்தின் அளவே தடுமாறிவிடும். தழையை விட வேண்டியதில்லை. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுவதும், மருத்துவரிடம் சொல்லிவைப்பதும்தான் முக்கியம். இது கொத்தமல்லிக்கும் பொருந்தும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா, குறிப்பாகப் பெப்பர்மின்ட், ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உணவுக்குழாயின் அடியிலுள்ள சுருக்குத் தசையை அது தளர்த்தும். செலரி ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொத்தமல்லி, பார்ஸ்லி இரண்டிலும் எதிர்வினை வரலாம், ஒரே குடும்பம் என்பதால். கர்ப்பிணிகள் சமையல் அளவில் பார்ஸ்லி சாப்பிடுவதில் பிரச்சினை இல்லை, ஆனால் பார்ஸ்லி எண்ணெய், அடர்சாறு போன்றவை கூடாது.

அப்போ எது?

தினமும் சமைக்கிறீர்கள், கடைக்கு அடிக்கடி போகிறீர்கள், வீட்டில் யாருக்கும் சோப்பு வாடை அடிப்பதில்லை என்றால், என் ஓட்டு கொத்தமல்லிக்கு. வேர், தண்டு, இலை, பூ, விதை எதையும் வீசாமல் சமையலில் சேர்க்க முடிகிற தழை அது. அரைத்து நிறைய சாப்பிடவும் வரும். செடியாக வைக்க ஒரே ஒரு தொட்டிதான் என்றால் யோசிக்காமல் புதினா. மாதத்தில் இரண்டு முறைதான் கடைக்குப் போவீர்கள் என்றாலும் புதினாதான், மிஞ்சியதை உலர்த்திக்கொள்ளலாம். பார்ஸ்லியை அதன் ருசி பிடித்தவர்களுக்கு மட்டும் சொல்வேன். பிடித்திருந்தால் வைட்டமின் சி, கே இரண்டிலும் அதை மிஞ்சக் கொத்தமல்லியால் முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது புதினா தொட்டியில் இருக்கிறது, கொத்தமல்லி வாரம் ஒரு கட்டு வருகிறது. பக்கத்துத் தொட்டியில் அந்த மூன்றாம் விதைப்பின் கொத்தமல்லி பூத்து நிற்கிறது. பூத்ததும் பிடுங்கிப் போடத்தான் கை போனது, நல்லவேளை விட்டுவைத்தேன். வெள்ளைப் பூக்களைத் தேடி நாள் முழுக்கப் பூச்சிகள் வருகின்றன. உதிர்ந்த பூக்களின் இடத்தில் பச்சை முத்துகள் பிடித்திருக்கின்றன. ஒன்றைக் கிள்ளிப் பல்லில் கடித்தால் முதலில் இலையின் வாசனை, கொஞ்சம் பொறுத்துத் தனியாவின் வாசனை. பாதியைப் பச்சையாகவே பறித்துச் சமையலில் போட்டாயிற்று. மீதியைச் செடியிலேயே காயவிட்டிருக்கிறேன், அடுத்த விதைப்புக்கு.